உஷார்! பழைய கம்ப்யூட்டரில் அப்டேட் ஏறவில்லையா? முதலில் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்!

“தம்பி, நாலு நாளா இதே தொல்லைதான். அப்டேட் முப்பது சதவீதம் வரைக்கும் ஏறுது. அப்புறம் ‘முடியலை, செஞ்ச மாத்தத்தையெல்லாம் திரும்ப எடுக்கேன்’னு காட்டிட்டுப் பழையபடி வந்து நிக்குது. சர்வீஸ் பையன் ஃபார்மட் அடிச்சிரலாம்னு சொல்லுதான். அடிச்சிரட்டுமா?”

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் உப்பு வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவர் போனில் கேட்டது இது. “அண்ணாச்சி, உங்களுக்குக் கோடிப் புண்ணியம், யாரையும் தொட விடாதீங்க. இந்தா வாரேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

திருச்செந்தூர் ரோட்டை ஒட்டிய சின்ன ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் நேராக உப்புக்காற்று. மேஜைக்கடியில் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த சிபியு. பின்பக்க ஸ்க்ரூ அத்தனையிலும் துரு. “காலையில ஆன் பண்ணா தேதி 2012னு காட்டும் தம்பி, பையன் தினமும் மாத்திருவான்” என்றார், ஏதோ பால்காரர் வந்துபோன கதையைச் சொல்வதுபோல. சி டிரைவைத் திறந்தேன். காலி இடம் 2 ஜிபிகூட இல்லை. ஏழு வருஷத்து டேலி கணக்கு மொத்தமும் அதே சி டிரைவுக்குள். வேறு எங்கும் நகல் கிடையாது.

வெளி டிஸ்க்கை மாட்டி ஒவ்வொரு ஃபோல்டராக நகல் எடுக்க ஆரம்பித்தேன். பாதியில் உள்ளே இருந்து சத்தம்: டிக்... டிக்... சற்று நிறுத்தி மறுபடியும் டிக். பழைய ஹார்ட் டிஸ்க்கோடு பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும். மூன்று மணி நேரம் ஆனது. டேலி வந்துவிட்டது. இரண்டு ஃபோல்டர் கடைசி வரை திறக்கவே இல்லை. அன்றைக்கு அந்த சர்வீஸ் பையன் ஃபார்மட் அடித்திருந்தால் ஏழு வருஷக் கணக்கும் ஜிஎஸ்டி ஆவணமும் அந்த நிமிஷமே போயிருக்கும்.

அதனால்தான் இந்த எச்சரிக்கை. அப்டேட் ஏறாமல் போவதால் மட்டும் யாருக்கும் உடனே நஷ்டம் வருவதில்லை. அதற்குப் பிறகு பதறிப்போய் நாம் செய்கிற காரியங்களில்தான் சொத்து போகிறது. பவர் பட்டனை அமுக்குவது, ஃபார்மட் அடிப்பது, நெட்டில் கிடைத்த நம்பருக்குப் போன் போடுவது, ‘கிராக்’ போட்ட விண்டோஸை ஏற்றச் சொல்வது. நான்கையும் நம் ஊரில் தினமும் பார்க்கிறேன்.

இப்போது ஏன் இவ்வளவு அவசரம்? விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். நம் கடைகளிலும் ஆபீஸ்களிலும் ஓடுகிற பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வாசலில் நுழையவே முடியாதவை. அவற்றுக்காக மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு வழி வைத்திருக்கிறது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டியதில்லை. அதற்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். ஆபீஸ் சர்வரோடு டொமைனில் இணைத்த கம்ப்யூட்டருக்கு இந்த இலவச வழி கிடையாது. 2025 நவம்பரில் இந்தக் கூடுதல் பாதுகாப்புக்குப் பதிவுசெய்வதே சில கம்ப்யூட்டர்களில் பாதியில் நின்று, அதைச் சரிசெய்ய மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் தனி அப்டேட் விட வேண்டிவந்தது. எனவே ஒருமுறை பதிவு ஏறவில்லை என்றதும் கைவிட்டவர்கள் மறுபடி முயன்று பாருங்கள்.

“அப்டேட் இல்லாட்டா என்ன, நல்லாத்தானே ஓடுது?” என்று கேட்பவர்களுக்காகத் துறைமுகக் கதை ஒன்று சொல்கிறேன். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் இது; நமக்கு உறைக்கும். 2017 ஜூன் 27. ‘நாட்பெட்யா’ என்ற நாசக்கார நிரல் உக்ரைனில் கிளம்பி உலகம் முழுக்கப் பரவிய நாள். உலகின் மிகப்பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மேர்ஸ்க்கின் கம்ப்யூட்டர்கள் நாடு நாடாக முடங்கின. மும்பை பக்கத்தில் நவ சேவாவில், ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் குழுமம் நடத்திய கன்டெய்னர் முனையமும் மாட்டிக்கொண்டது. கம்ப்யூட்டர் செய்த வேலையைக் கையால் செய்ய வேண்டியதாயிற்று, கன்டெய்னர்கள் தேங்கின. பிறகு 45,000 கம்ப்யூட்டர்களிலும் 4,000 சர்வர்களிலும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டிவந்தது என்று அந்தக் கம்பெனியின் தலைவரே 2018-இல் சொன்னார். அந்த நிரல் பரவ உதவிய ஓட்டைகளில் ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே அடைப்பு கொடுத்துவிட்டது. மூன்று மாதத்துக்கும் மேலாக அதை ஏற்றாமல் கிடந்த கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க இருந்தன. அதே ஓட்டை வழியாகத்தான் நாட்பெட்யாவுக்கு முந்தைய மாதம், மே 12 அன்று ‘வான்னாகிரை’ கிளம்பி 150 நாடுகள்வரை போனது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களின் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்கூடத் தப்பவில்லை. பஞ்சாயத்து ஆபீஸையே விடாதது நம் உப்பு ஆபீஸை விட்டுவைக்குமா?

நாட்பெட்யா கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அது முதன்முதலில் உள்ளே நுழைந்ததே ஒரு அப்டேட்டின் வேஷத்தில்தான். உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பயன்படுத்திய ஒரு மென்பொருளின் அப்டேட் சர்வரைத் திருடர்கள் கைப்பற்றி, அதன் வழியாக அனுப்பிவைத்தார்கள். ஆகவே அப்டேட் கட்டாயம் வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

சரி, அப்டேட் தோற்கிறது. முதல் வேலை நகல் எடுப்பது. இரண்டாவது வேலை ஏன் தோற்றது என்று பார்ப்பது. இந்த வரிசையை யார் சொன்னாலும் மாற்றாதீர்கள். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு ‘எல்லாம் எடுத்தாச்சு’ என்பார்கள். டேலி டேட்டா பெரும்பாலும் அங்கே இருக்காது. சி டிரைவுக்குள் தனி ஃபோல்டரில் இருக்கும். டேலியைத் திறந்து டேட்டா இருக்கும் பாதையைப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவுட்லுக்கில் மெயில் பார்ப்பவர்களுக்கு அது தனி ஃபைல். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், பிள்ளைகளின் போட்டோ என்று ஒவ்வொன்றாக யோசித்து எடுங்கள். எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்த பிறகுதான் நகல் எடுத்ததாக அர்த்தம்.

காரணம் தேடும்போது எல்லோரும் மறந்துவிடுவது தேதியை. அண்ணாச்சி ஆபீஸில் நடந்தது பல வீடுகளில் நடக்கிறது. மதர்போர்டில் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. 2032 என்று எண் போட்டிருக்கும், 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அது தீர்ந்துவிட்டால் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டதும் கம்ப்யூட்டர் தன் பழைய காலத்துக்கே போய்விடும். அப்டேட் சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு காலவரம்பு உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2012-இல் நின்றுகொண்டு அதைப் பார்த்தால், ‘இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே’ என்று கதவைச் சாத்திக்கொள்ளும். வங்கி வெப்சைட் ‘பாதுகாப்பற்றது’ என்று காட்டுவதும் இதனால்தான். தினமும் கையால் தேதியை மாற்றிக்கொண்டிருந்தால், மாற்ற மறந்த ஒரு நாள் டேலியில் பில்லெல்லாம் தப்புத் தேதியில் விழும். புது பேட்டரி இரண்டு பரோட்டா விலைதான் வரும். போட்டுவிடுங்கள்.

அடுத்தது இடம். எரர் எண் 80070070 என்று முடிந்தால் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று பொருள். பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபியாவது காலி வைத்துக்கொள்வது நல்லது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் பழைய சினிமாவையும் வாட்ஸ்அப் வீடியோவையும் வெளியே எடுங்கள். அதற்குப் பதிலாக ‘கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறோம்’ என்று சொல்கிற இலவச மென்பொருளை ஏற்றாதீர்கள். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று வருகிறதே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எரர் எண் 80070570 என்று முடிந்தால் ஃபைலைப் படிக்க முடியவில்லை, ஃபைல் கெட்டிருக்கிறது என்று பொருள். இறங்கும்போதே கெட்டிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் அல்லது ரேம் கெட்டிருக்கலாம். கடலோர ஊர்க்காரர்களான நமக்கு இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உப்பு ஈரம் ரேமின் பித்தளை நிறப் பற்களில் படிந்து பச்சை பூத்துப்போகும். மெக்கானிக்குகள் ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, துடைத்து மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டுச் செய்தால் அது நல்ல வைத்தியம்தான். பல ‘அப்டேட் கோளாறு’ அதோடு தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழை. வெள்ளம் புகுந்த வீடுகளில் நனைந்த சிபியுவை வெயிலில் காயவைத்து மறுபடி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடுகிறது என்பதற்காக அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச நிரலில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். அதில் மஞ்சளோ சிவப்போ காட்டினால் அப்டேட்டை மறந்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். எஸ்எஸ்டி போட்டால் பழைய கம்ப்யூட்டர் பாதி புதிதாகிவிடும்.

கரண்ட் விஷயமும் அப்படித்தான். பேட்டரி செத்த யுபிஎஸ்ஸை நம்பி அப்டேட்டை ஆரம்பிக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரே சதவீதத்தில் ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணம். டிஸ்க் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை பவர் பட்டனில் கை வைக்கக் கூடாது. பொறுமை இழந்து அணைத்ததால் விண்டோஸே எழும்பாமல் போன கம்ப்யூட்டர்களைக் கணக்கெடுத்தால் நம் ஊரில் மட்டும் ஒரு லாரி சேரும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் விண்டோஸுக்குள்ளேயே மருந்து இருக்கிறது. செட்டிங்ஸில் ட்ரபிள்ஷூட் பகுதியில் அப்டேட்டுக்கென்று சரிபார்ப்பு உண்டு. அடுத்து ‘டிஸ்ம்’, அதன் பிறகு ‘சிஸ்டம் ஃபைல் செக்கர்’. இரண்டும் கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைத் தேடிச் சரிசெய்பவை. விஷயம் தெரிந்தவர் என்றால் அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ ஃபோல்டரின் பெயரை மாற்றிவைப்பார். அப்போது எல்லாம் புதிதாக இறங்கும். கடைசி ஆயுதம், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸை, நம் ஃபைல்களும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும்படி மேலாக ஏற்றுவது. உங்கள் மெக்கானிக் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் நேரே ஃபார்மட்டுக்குப் போனால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

சில சமயம் தப்பு நம்முடையதே இல்லை. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், 80070643 என்ற எண்ணோடு உலகம் முழுக்கத் தோற்றது. விண்டோஸை மீட்பதற்கென்று டிஸ்க்கில் ஒதுக்கியிருக்கும் சின்னப் பகுதியில் இடம் போதாததுதான் காரணம். அந்தப் பகுதியை 250 எம்பி பெரிதாக்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட். டிஸ்க்கைப் பிரித்து மாற்றுகிற வேலை அது. கை தவறினால் எல்லாம் போகும். தானாகச் சரியாகும் வழி வராது என்றும் பிறகு சொல்லிவிட்டார்கள். 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய ஃபைல்களையே அழித்தது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். நகல், நகல் என்று நான் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு அதிகம் பயமூட்டுவது. எரர் எண்ணை அப்படியே நெட்டில் தேடினால் மேலே ஒரு போன் நம்பர் வரும். இல்லையென்றால் திரை முழுக்கச் சிவப்பில் ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே அழைக்கவும்’ என்று அலறும். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சார் ஒருவர் அப்படி வந்த நம்பருக்கு அழைத்தார். “சார், ஒரு சின்ன மென்பொருள் ஏத்துங்க, நாங்களே இங்கிருந்து பாத்துக்கிறோம்” என்று மரியாதையாகப் பேசினார்கள். தூரத்திலிருந்தே திரையை இயக்கும் மென்பொருளை ஏற்றவைத்தார்கள். ‘சர்வீஸ் சார்ஜ் பத்து ரூபாய் மட்டும்’ என்று நெட்பேங்கிங்கைத் திறக்கவைத்தார்கள். பென்ஷன் அக்கவுண்டு காலியானது. 2023 அக்டோபரில் சிபிஐ நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை போட்டபோது, மைக்ரோசாஃப்ட், அமேசான் ஊழியர்போல நடித்து ஏமாற்றிய கால் சென்டர்களும் பிடிபட்டன. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்தியில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது. இதை வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இன்றே சொல்லிவையுங்கள்.

இதைவிடப் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. பிரவுசர் முழுத்திரையாகி, அசல் விண்டோஸ் அப்டேட் போலவே நீலத்தில் சதவீதம் ஓடும். பிறகு, ‘விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்கள், பிறகு பேஸ்ட் செய்து என்டர் தட்டுங்கள்’ என்று சொல்லும். நீங்கள் பேஸ்ட் செய்வது திருடனின் கட்டளை. பாஸ்வேர்டெல்லாம் அவன் கைக்குப் போய்விடும். அசல் அப்டேட் எந்தக் காலத்திலும் எதையும் பேஸ்ட் செய்யச் சொல்லாது.

‘கிராக்’ விண்டோஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குறைந்த காசுக்கு ஏற்றித் தருகிற பல கிராக் பதிப்புகளில், பிடிபடக் கூடாது என்பதற்காக அப்டேட் சேவையையே முடக்கி வைத்திருப்பார்கள், ஆன்டிவைரஸையும் அணைத்திருப்பார்கள். அப்புறம் அப்டேட் எப்படி ஏறும்? வீட்டுப் பூட்டை உடைத்துத் திறந்துவிட்டவனிடமே சாவியைக் கொடுத்துவைத்த கதை அது. அந்தக் கம்ப்யூட்டரில் நெட்பேங்கிங் பார்க்கவே பார்க்காதீர்கள்.

டிடிபி கடைக்காரர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் ஓட வேண்டும் என்று எக்ஸ்பியையும் விண்டோஸ் 7-ஐயும் விடாமல் வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அதில்தான் பிறக்கின்றன. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நெட் ஒயரைக் கழற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் பென்டிரைவை முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் சோதித்துவிட்டு இதில் போடுங்கள். ஷார்ட்கட் வைரஸ் வீடு வீடாகப் போவது உங்கள் கடை வழியாகத்தான்.

2011-இல் அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா லேப்டாப் இன்னும் சில வீடுகளில் பீரோ மேலே இருக்கும். 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் வைத்துக்கொண்டு அதில் அப்டேட்டோடு போராடாதீர்கள். விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம், பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வருகிறது. 4 ஜிபி ரேம் இருந்தால் நன்றாகவே ஓடும். டேலிதான் அதில் நேரடியாக ஓடாது. பிள்ளைகளின் படிப்புக்கும் பிரவுசருக்கும் தாராளமாகப் போதும்.

இதை வாசித்து முடித்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்து வலது மூலையில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டேலி டேட்டாவையும் பத்திரங்களையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒயரைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். யாராவது ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே நெட்டைத் துண்டித்துவிட்டு 1930-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பணம் போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.